ஏர்பிரஷ் பழகுதல்: முதலில் தண்ணீர், அப்புறம் மை, கடைசியில்தான் பெயிண்ட்

ஏர்பிரஷ் என்பது காற்றின் விசையால் பெயிண்டை நுண்துளியாகத் தெளிக்கும், பேனா மாதிரியான கருவி. அதைப் புதிதாக வாங்கியவர்கள் சொல்லும் புகார்கள் நாலைந்துதான். துப்புகிறது. அடைக்கிறது. பெயிண்ட் ஊற்றும் கப்பில் குமிழ் கொப்பளிக்கிறது. கோடு போட்டால் பெயிண்ட் கிளை பிரிந்து ஓடுகிறது. உடனே செய்கிற காரியமும் ஒன்றுதான்: காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் திருகிக் காற்றைக் கூட்டுவது. கூட்டியதும் ஒரு நிமிஷத்துக்குச் சரியானது போலத் தெரியும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சந்தேகப்பட வேண்டியவை நான்கு: காற்று, கருவி, பெயிண்ட், கை. நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றிக்கொண்டே போனால் எதில் கோளாறு என்று கடைசிவரை தெரியாது. அதனால் இங்கே வேலை நடக்கும் வரிசை இது: வெறும் தண்ணீரை அடித்துக் காற்றையும் கருவியையும் சோதிப்பது, பேனா மையில் கையைப் பழக்குவது, அதற்கப்புறமே பெயிண்டைத் தொடுவது. கடைசி வேலை, இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல் ஒன்றுக்கு மூன்று நிறம் ஏற்றுவது.

மேசைமேல் இருப்பவை

கருவி, 0.3 மி.மீ. நாசிலோடு (பெயிண்ட் வெளிவரும் முனை) வரும் கிராவிட்டி ஃபீட் (மேலுள்ள கப்பிலிருந்து பெயிண்ட் தானாக இறங்கும்), டூயல் ஆக்‌ஷன் வகை. ‘130’ என்ற எண்ணோடு பல பெயர்களில் விற்கிற சீனத் தயாரிப்பு. டிரிகரைக் கீழே அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் நீடில் (உள்ளிருக்கும் ஊசி) நாசிலை விட்டு விலகி, அந்த இடைவெளியில் பெயிண்ட் வரும். இழுக்கும் அளவுக்குத்தான் நிறம். மலிவான கருவிதான், ஆனால் நாசிலும் நீடிலும் நேராக இருந்தால் ஒரு தொடக்கக்காரர் கேட்கும் எல்லாவற்றையும் இது செய்யும்.

கம்ப்ரசர், 1/6 எச்.பி. எண்ணெயில்லா பிஸ்டன் வகை, 3 லிட்டர் டேங்க் உள்ளது. டேங்க் இல்லாத மாடலும் ஓடும், ஆனால் பிஸ்டனின் துடிப்பு மெல்லிய கோட்டில் அலை அலையாகத் தெரியும். கார் டயருக்குக் காற்றடிக்கும் சின்னப் பம்ப் சில நிமிஷங்களில் கொதித்துவிடும், இதற்கு ஆகாது. ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் எண்ணெய் கம்ப்ரசரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ரெகுலேட்டரோடு ஒரு எண்ணெய் ஃபில்டரும் கட்டாயம். எண்ணெய்த் துளி ஒன்று காற்றோடு வந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு வட்டமாக விலகி நிற்கும்.

ஹோஸ் இணைப்பு பெரும்பாலும் கருவிப் பக்கம் 1/8 அங்குல பி.எஸ்.பி. (குழாய்த் திரெட்டின் ஓர் அளவு முறை), கம்ப்ரசர் பக்கம் 1/4 அங்குலம். பேட்ஜர், பாஷே கருவிகளுக்குச் சொந்தத் திரெட் உண்டு, அவற்றுக்கு அடாப்டர் வாங்க வேண்டும். கம்ப்ரசர் பக்கத் திரெட்டில் டெஃப்லான் டேப் இரண்டு மூன்று சுற்று சுற்றினால் போதும். கருவிப் பக்கம் ரப்பர் வளையமான ஓ-ரிங் இருந்தால் டேப் வேண்டாம், கையால் இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். எல்லாம் மாட்டிய பிறகு சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார்க்க வேண்டும். காற்று கசியும் இடத்தில் நுரை பொங்கும்.

இவை தவிர 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் வாட்ச் ரிப்பேர் லூப், இயர் பட்ஸ், பல் இடுக்குப் பிரஷ், டிராப்பர், பெயிண்ட் கலக்க இருமல் மருந்தின் அளவு மூடிகள், ஒரு பாக்கெட் வெள்ளைப் பிளாஸ்டிக் ஸ்பூன். லூப் இல்லாமல் நாசில் கோளாறைக் கண்டுபிடிப்பது குருட்டு வேலை; மற்றதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம்.

மாஸ்க் விஷயத்தில் சமரசம் கிடையாது. என்95 பெயிண்ட் தூசியைத் தடுக்கும், பெயிண்டை நீர்க்க வைக்கும் தின்னரின் ஆவியைத் தடுக்காது. கடுமையான தின்னரில் கரையும் லாக்கர் பெயிண்ட் அடிப்பவருக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டிய அரைமுக மாஸ்க்கும், காற்றை வெளியே தள்ளும் ஃபேனும் வேண்டும். வாட்டர் பேஸ் பெயிண்ட் என்றாலும் நுண்துளியாக நுரையீரலுக்குள் போனால் பெயிண்ட் பெயிண்ட்தான்.

காற்று

ரெகுலேட்டரில் தெரியும் எண்ணை நம்புவதில் ஒரு சூட்சுமம் உண்டு. டிரிகரைத் தொடாமல் 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) என்று வைத்துவிட்டு அழுத்திப் பார்த்தால் முள் 15, 16 என்று இறங்கும். கருவி உணர்வது இறங்கிய எண்ணைத்தான். ஆகவே டிரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே ரெகுலேட்டரைத் திருக வேண்டும். இந்தப் பதிவில் வரும் எல்லா அழுத்தமும் அப்படி அளந்தவை. பார் கணக்கில் பார்ப்பவர்களுக்கு: 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.

அடுத்தது ஈரம். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இது ஆண்டு முழுதும் இருக்கும் தலைவலி. கம்ப்ரசர் காற்றை அழுக்கும்போது சூடாக்கியும் விடுகிறது. அந்தச் சூட்டுக் காற்று ஹோஸுக்குள் குளிரும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராக இறங்குகிறது. ரெகுலேட்டரோடு வரும் கண்ணாடிக் குடுவை கம்ப்ரசரை ஒட்டியே இருப்பதால், அங்கே காற்று இன்னும் சூடாகத்தான் இருக்கும். பாதி ஈரம் பிடிபடாமல் தாண்டிப் போய்விடும். அதனால்தான் ‘ஃபில்டர் இருக்கிறதே, அப்புறம் எப்படித் தண்ணீர்?’ என்ற கேள்வி வருகிறது. 3 மீட்டர் ஹோஸ் போட்டு, கருவிக்குக் கீழே கைப்பிடியில் மாட்டும் ஈரத்தைப் பிடிக்கும் சின்ன மாய்ஸ்ச்சர் டிராப் ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் தீரும். வேலை முடிந்ததும் டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே துரு.

துப்பலைப் பார்த்தே தண்ணீரா பெயிண்டா என்று சொல்லிவிடலாம். ஈரப் பெயிண்டின் மேல் நிறமில்லாத புள்ளி விழுந்து, சுற்றியுள்ள நிறத்தைத் தள்ளி வெள்ளை வட்டம் விட்டால் அது ஹோஸ் தண்ணீர். கெட்டியான, அதே நிறத்துத் திப்பி விழுந்தால் அது நீடில் நுனியில் காய்ந்த பெயிண்ட். முதலாவதுக்குக் கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும், இரண்டாவதுக்குப் பெயிண்டை.

தண்ணீர்ச் சோதனை

கப்பில் பத்துப் பதினைந்து சொட்டுச் சுத்தமான தண்ணீர். 15 பி.எஸ்.ஐ. எதிரே ஒரு பழுப்பு அட்டைப்பெட்டியின் பக்கம். ஈரம் பட்ட இடம் கருத்துக் காட்டும் என்பதால் அட்டை வசதி. 10 செ.மீ. தூரத்தில் பிடித்து டிரிகரை மெல்ல இழுத்தால் வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும், நடுவில் அடர்ந்து ஓரத்தில் மெலிய வேண்டும். இழுக்காமல் காற்றை மட்டும் அழுத்தும்போது ஒரு சொட்டும் வரக்கூடாது. கப்பில் குமிழ் எழக்கூடாது.

இந்தக் கருவியில் குமிழ் எழுந்தது. டிரிகரை அழுத்திய உடனே கப்பின் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள், வட்டமும் விட்டு விட்டு வருகிறது. இது புதுக் கருவிகளில் அடிக்கடி காணும் கோளாறு. காரணத்தைப் புரிந்துகொண்டால் வைத்தியம் தானாகத் தெரியும். நாசிலைச் சுற்றிக் காற்றும், நாசிலுக்குள் பெயிண்டும் போவதற்கு இரண்டு தனித்தனி வழிகள். முன்னால் நாசில் முனையில்தான் இரண்டும் சந்திக்க வேண்டும். நாசிலின் அடித் திரெட்டில் சந்து இருந்தால் காற்று அங்கேயே பெயிண்ட் வழிக்குள் புகுந்து, கப்பை நோக்கிப் பின்னால் போகும். அதுதான் குமிழ்.

பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக: நாசில் கேப் தளர்ந்திருக்கிறதா, நாசில் தளர்ந்திருக்கிறதா, நாசில் முனையில் விரிசல் உண்டா, கேப்பின் துளையில் காய்ந்த பெயிண்ட் அடைத்திருக்கிறதா. முதலாவதைக் கையால் இறுக்கிப் பார்த்தாயிற்று, மாற்றம் இல்லை. நாசிலைக் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றும் முறை முக்கியம். பின் கைப்பிடியைக் கழற்றி, நீடிலைப் பிடித்திருக்கும் சக் நட்டைத் தளர்த்தி, நீடிலை இரண்டு செ.மீ. பின்னால் இழுத்துவிட வேண்டும். நீடில் முன்னால் இருக்கும்போதே நாசிலைத் திருகினால், நாசில் முனை நீடிலில் உரசி விரியும். பிறகு கேப்பைக் கழற்றி, கூடவே கொடுத்திருக்கும் குட்டி ஸ்பேனரால் நாசிலை இடப்பக்கம் திருகினால் வந்துவிடும். அரிசியைவிடச் சின்னது, கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்வது நல்லது, சிமென்ட் தரையில் விழுந்தால் தேடிச் சலிக்க வேண்டியதுதான்.

லூப்பில் பார்த்தால் முனை வட்டமாக, விரிசல் இல்லாமல் இருந்தது. திரெட்டில் மட்டும் கடைசல் சீராக இல்லை. இதற்கு நாசிலை இன்னும் இறுக்குவது வழியல்ல. பித்தளைத் திரெட், அதிகம் இறுக்கினால் முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். அதை வெளியே எடுக்க முடியாமல் கருவியையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. வழி, தேன்மெழுகு. குண்டூசி நுனியில் கொஞ்சம் எடுத்துத் திரெட்டின் அடிப்பாகத்தில் மட்டும் ஒரு சுற்றுத் தடவி, நாசிலைக் கை விரலால் முடிந்தவரை திருகி, ஸ்பேனரால் இன்னும் ஒரு பொடி. அவ்வளவே. மெழுகு நாசில் துளைக்குள் போய்விடக்கூடாது. நீடிலை மெல்ல உள்ளே விட்டு, தொட்டவுடன் நிறுத்தி, சக் நட்டை இறுக்க வேண்டும். தொட்ட பிறகும் அழுத்தினால் நாசில் பிளக்கும். மறுபடி தண்ணீர், குமிழ் நின்றது, வட்டமும் துடிப்பில்லாமல் வந்தது. லாக்கர் தின்னரில் கழுவினால் மெழுகு நாளடைவில் கரையும், திரும்பத் தடவிக்கொள்ளலாம்.

வட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் நீடில் நுனி வளைந்திருக்கிறது என்று அர்த்தம். நீடிலை வெளியே எடுத்து, நுனியை டிஷ்யூ பேப்பரில் லேசாக இழுத்தால் இழை மாட்டும். கண்ணாடித் தகட்டின் மேல் நுனியைப் படுக்க வைத்து, விரலால் மென்மையாக அழுத்தியபடி உருட்டிக்கொண்டே பின்னால் இழுத்தால் சின்ன வளைவு நிமிரும். பிறகு 2000 நம்பர் ஈர உப்புத்தாளில் நீளவாக்கில் மட்டும் இரண்டு மூன்று இழுப்பு. கொக்கி மாதிரி மடங்கிவிட்டால் புது நீடில்தான்.

இழுக்காமலே தண்ணீர் வந்தால் நீடில் உட்காரவில்லை, அல்லது சக் நட் தளர்வு, அல்லது நாசில் பிளவு. டிரிகரைத் தொடாமலே காற்று சீறினால் டிரிகருக்குக் கீழுள்ள வால்வின் ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டும். டிரிகர் பின்னால் போய் முன்னால் வர மறுத்தால், பெரும்பாலும் நீடில் கடந்து போகும் பேக்கிங் வளையத்தில் பெயிண்ட் காய்ந்திருக்கும். ஏர்பிரஷுக்கான மசகு எண்ணெய் ஒரு சொட்டு நீடிலின் நடுப்பகுதியில் தடவினால் இலகும். சிலிக்கோன் ஸ்பிரே எதையும் கிட்டவே கொண்டுவர வேண்டாம், பெயிண்ட் ஒட்டாமல் ஃபிஷ் ஐ என்கிற வட்டக் குழி விழும்.

மையில் கை

சாதாரண ஃபவுண்டன் பேனா மை சாயம்தான், அதில் பிக்மென்ட் (கரையாத நிறத்தூள்) இல்லை. அடைக்காது, நுனியில் காயாது. மை ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. கேசரிப் பவுடரைக் கரைத்த தண்ணீரும் இதே வேலையைச் செய்யும், துணியில் பட்டால்தான் வம்பு. இனி வரும் தவறு எல்லாமே கையின் தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டம். இதைத் தாண்டிக் குதித்து நேராக மாடலுக்குப் போகிறவர்கள் பெயிண்ட் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

விரல் வரிசை மாறாதது: காற்றைத் திற, நிறத்தைத் திற, நிறத்தை மூடு, காற்றை மூடு. டிரிகரை முழுதாக விட்டுவிட்டு அடுத்த கோட்டுக்குப் போனால், நுனியில் தங்கிய துளி அடுத்த காற்றோடு பறந்து கோட்டின் தலையில் குண்டாக விழும். கோட்டின் இரண்டு முனையும் தடித்து, நடு மெலிந்திருந்தால் கை நகரும் முன் நிறம் திறக்கப்பட்டிருக்கிறது. முதலில் கை நகரட்டும், நகர்ச்சியின் நடுவில் நிறம் திறக்கட்டும்.

ஏ4 தாளில் 2 செ.மீ. இடைவெளியில் பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் 3 மி.மீ. புள்ளி வைப்பது முதல் பயிற்சி. அழுத்தம் 12 முதல் 15. தூரம் 1.5 செ.மீ. புள்ளியிலிருந்து மை கிளை பிரிந்து ஓடினால், விழுந்த ஈரத்தைக் காற்று தள்ளுகிறது: நிறம் அதிகம், அல்லது தூரம் குறைவு, அல்லது காற்று அதிகம். இந்த மூன்றில் முதலில் குறைக்க வேண்டியது நிறம். இங்கே ஒரு கணக்கு உதவும். 10 செ.மீ. தூரத்திலிருந்து 5 செ.மீ.க்கு வந்தால் விழும் வட்டத்தின் அகலம் பாதியாகும், பரப்பு நாலில் ஒன்றாகும். டிரிகர் அதே இடத்தில் இருந்தால் மை நாலு மடங்கு அடர்த்தியாக விழுகிறது. கிட்டே போகப் போக டிரிகரை மூட வேண்டும் என்பதை விரல் கற்றுக்கொள்வதே பயிற்சியின் பாதி.

பின்னால் உள்ள நிறுத்தத் திருகு இருந்தால், டிரிகர் எவ்வளவு பின்னால் வரலாம் என்று கட்டுப்படுத்திக்கொள்ளலாம். புள்ளி கைவந்ததும் இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது, ஒரு முனை தடித்து மறுமுனை ஊசியாக முடியும் கோடு, பிறகு 5 செ.மீ. பட்டையில் கருமையிலிருந்து வெளுப்புக்கு இறங்கும் ஷேடிங். கடைசியது 10 செ.மீ. தூரத்தில். மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து கை நகர வேண்டும். மணிக்கட்டு திரும்பினால் நடுவில் கிட்டவும் ஓரத்தில் தூரமுமாகி, பட்டை நடுவில் கருக்கும்.

பெயிண்ட்

‘பால் பதத்துக்குக் கரையுங்கள்’ என்று எல்லோரும் சொல்வது தொடக்கத்துக்குச் சரி. கலக்கும் மூடியைச் சாய்த்து நிமிர்த்தினால் பெயிண்ட் வழிந்து இறங்கி, சுவரில் மெல்லிய படலம் விட வேண்டும். படலமே இல்லாமல் ஓடிவிட்டால் நீர்த்துவிட்டது, தடித்து நின்றால் தின்னர் போதாது. ஆனால் கடைசித் தீர்ப்பை, அடித்துப் பார்க்கும் பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகுதான் சொல்லும்.

தின்னரில்தான் பலர் சறுக்குகிறார்கள். அக்ரிலிக் என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் எல்லா அக்ரிலிக்கும் ஒரே சாதி அல்ல. தமியா பிராண்டு அக்ரிலிக் ஆல்கஹாலோடு ஒத்துப்போகும். அதன் எக்ஸ்-20ஏ தின்னரோடு ஒன்றுக்கு ஒன்று தொடங்கலாம். வயேஹோ பிராண்டு அக்ரிலிக்கில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றினால் தயிராகத் திரியும், நாசிலுக்குள் திரிந்தால் முழுக் கருவியையும் பிரித்துக் கழுவ வேண்டும். அதற்கு அதன் சொந்தத் தின்னர்தான்: அந்த பிராண்டின் மாடல் ஏர் பெயிண்ட் 10 சொட்டுக்குத் தின்னர் 2, பெயிண்ட் தடையில்லாமல் ஓட உதவும் ஃப்ளோ இம்ப்ரூவர் 1. மிஸ்டர் கலர் பிராண்டு மாதிரி லாக்கருக்குத் தின்னர் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர் உலோகப் பாகங்களைத் துடைக்க உதவும். பிளாஸ்டிக் மாடலை அது கரைக்கும், ரப்பர் ஓ-ரிங்கை ஊத வைக்கும். ஸ்டேஷனரிக் கடை டியூப் அக்ரிலிக்கைக் கரைத்து அடிக்க ஆசை வரும். அதன் பிக்மென்ட் அவ்வளவு நுண்மையாக அரைக்கப்பட்டதல்ல. நைலான் துணியில் வடிகட்டி, 0.5 நாசிலில் அடித்தால் பின்னணி நிறத்துக்கு ஒப்பேற்றலாம். தண்ணீர் மட்டும் ஊற்றி நீர்க்க வைத்தால் காய்ந்த பிறகு நகம் பட்டாலே உரியும்.

கலக்குவது எப்போதும் வெளியே, மூடியில். கப்பிலேயே கலக்கினால் கரையாத பெயிண்ட் முதலில் இறங்குவது நாசிலுக்குள்தான்.

இனி ஸ்பூன். 15 முதல் 18 பி.எஸ்.ஐ., 8 செ.மீ. தூரம், மெல்லிய மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சும் விழும்போது ஈரமாக மினுங்கி, சில நொடிகளில் மினுமினுப்பு மறைய வேண்டும். விரலால் தடவினால் மணல் மாதிரி நெருடுகிறதா? துளிகள் பறக்கும்போதே காய்ந்துவிட்டன: தூரத்தைக் குறைக்க வேண்டும், பிறகு காற்றை, பிறகே தின்னரைக் கூட்ட வேண்டும். ஓடி வழிகிறதா? நிறத்தைக் குறைத்துக் கையை வேகமாக நகர்த்த வேண்டும். ஒரு ஸ்பூனில் ஒரு மாற்றம் மட்டும். மார்க்கரால் காம்பில் விகிதம், அழுத்தம், தூரம் மூன்றையும் எழுதி வைத்தால் அந்த ஸ்பூன் கட்டுதான் பின்னால் கைநூல்.

அக்ரிலிக்கோடு கூடவே வருவது நுனி காய்தல். வெயில் காலத்தில், மேலே ஃபேன் சுற்றும் அறையில், இரண்டு நிமிஷத்தில் ஆரம்பிக்கும். அறிகுறி படிப்படியாக வரும்: அதே நிறத்துக்கு டிரிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் இழுக்க வேண்டியிருக்கும், பிறகு வரவே வராது, பிறகு ஒரேயடியாகத் துப்பும். இந்த இடத்தில் காற்றைக் கூட்டினால் காய்ந்த திப்பியைப் பிய்த்து மாடல் மேல் எறிகிறோம். அடுத்த நிமிஷம் கூடிய காற்றே நுனியை இன்னும் சீக்கிரம் காய வைக்கும். செய்ய வேண்டியது: ஃபேனை நிறுத்துவது, 10 சொட்டுக்கு 1 சொட்டு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்ப்பது, தின்னரில் நனைத்த இயர் பட்ஸால் நுனியை அவ்வப்போது துடைப்பது. பட்ஸை நீடிலின் போக்கிலேயே, உள்ளிருந்து வெளியே இழுக்க வேண்டும். நகத்தால் கிள்ளுகிறவர்களுக்கு நீடில் வளைவதும் விரல் குத்துப்படுவதும் சேர்ந்தே கிடைக்கும்.

ஸ்பிட்ஃபயர்

1941 ஆகஸ்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் பகல்நேரச் சண்டை விமானங்களுக்கு வந்த நிறங்கள்: மேலே ஓஷன் கிரேயும் டார்க் கிரீனும், கீழே மீடியம் சீ கிரே. தமியாவில் வரிசைப்படி எக்ஸ்எஃப்-82, எக்ஸ்எஃப்-81, எக்ஸ்எஃப்-83. இறக்கை விரிப்பு 1/72இல் 15.6 செ.மீ.தான். கலந்த பெயிண்ட் ஒரு நிறத்துக்கு 1.5 மி.லி. போதும், அதாவது ஏறக்குறைய 30 சொட்டு. கப் நிறைய ஊற்றினால் மிச்சம் சாக்கடைக்குத்தான்.

பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட்டு, அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அச்சிலிருந்து ஒட்டி வந்த எண்ணெய்ப் பிசுக்கோ விரல் எண்ணெயோ இருக்கும் இடத்தில் பெயிண்ட் பிளந்து வட்டமிடும்.

பிரைமர், அதாவது அடிப்பூச்சு, மிஸ்டர் சர்ஃபேசர் 1500; லெவலிங் தின்னர் ஒன்றரைப் பங்கு; 15 பி.எஸ்.ஐ., 7 செ.மீ. பிரைமருக்கு நிறம் சேர்ப்பது மட்டும் வேலையல்ல. இணைப்பில் விட்டுப்போன பள்ளம், ஒட்டுப்பசைக் கைரேகை எல்லாவற்றையும் ஒரே சாம்பலில் காட்டிக்கொடுக்கும். மழை நாளில் லாக்கர் அடித்தால் வெண்மூட்டம் படியும்: தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் இறங்குகிறது. லெவலிங் தின்னரில் ரிடார்டர் இருப்பதால் ஓரளவு தாங்கும், கொட்டும் மழைக்குத் தாங்காது. அன்றைக்கு வேறு வேலை பார்ப்பது உத்தமம்.

வெளிர் நிறம் முதலில். வயிற்றுப்பக்கம் மீடியம் சீ கிரே, காய்ந்ததும் மறைப்பு, முதுகுப்பக்கம் முழுதும் ஓஷன் கிரே. சிக்கல் அடுத்ததில், பச்சையின் ஓரத்தில். கையாலேயே ஓரம் வரைந்தால் 0.3 நாசிலில் தொடக்கக்காரருக்கு 3 மி.மீ. மங்கல் வரும். 72ஆல் பெருக்கினால் நிஜ விமானத்தில் 21 செ.மீ.க்கு மேல். நிஜத்தில் ஓரம் 2.5 செ.மீ. மங்கியிருந்தாலும் இந்த அளவில் அது 0.35 மி.மீ.தான். ஆகவே கையால் ஓரம் வரையும் வீறாப்பு இங்கே வேண்டாம். சுவரில் போஸ்டர் ஒட்டும் புட்டியை 2 மி.மீ. தடிமனில் கயிறாக உருட்டி, பச்சையின் எல்லையில் அழுத்தாமல் வைக்க வேண்டும். நடுவில் மிஞ்சும் சாம்பல் பகுதிக்கு மாஸ்கிங் டேப் துண்டுகள். அடிக்கும்போது கருவி செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்த்தால் புட்டியின் உருண்டைக்குக் கீழே பெயிண்ட் புகுந்து ஒரு பக்கம் மட்டும் மங்கும். டார்க் கிரீன் ஒன்றுக்கு ஒன்று, 12 முதல் 14 பி.எஸ்.ஐ., 5 செ.மீ., ஒரே மூச்சில் மூடாமல் நாலு மெல்லிய பூச்சு. கடைசிப் பூச்சுக்குப் பத்து நிமிஷம் கழித்துப் புட்டியை உரிக்கலாம். வெயிலில் நாள்கணக்கில் விட்டால் அதன் எண்ணெய் பெயிண்டில் இறங்கும்.

இடது இறக்கையில் புட்டி தூக்கிக்கொண்ட ஓரிடத்தில் பச்சைத் தூசி சாம்பல் மேல் படிந்திருந்தது. அதற்குத் தேய்ப்பு வேண்டாம். ஓஷன் கிரேயை ஒன்றுக்கு இரண்டு என்று நீர்க்க வைத்து, 10 பி.எஸ்.ஐ., 1.5 செ.மீ. தூரத்தில், மையில் பழகிய அதே 3 மி.மீ. புள்ளி அளவில் மேலே தூவினால் மறைந்துவிடும்.

கழுவுதல்

நிறம் மாற்றும்போது: மிச்சத்தைக் கொட்டி, கப்பை டிஷ்யூவால் துடைத்து, கிளீனர் 10 சொட்டு விட்டு அடிக்க வேண்டும். அடுத்த 10 சொட்டுக்கு நாசில் கேப்பை அரைச் சுற்றுத் தளர்த்தி, காற்றைக் குறைத்து வைத்து டிரிகரை இழுத்தால் கப்பில் குமிழ் பொங்கும். தண்ணீர்ச் சோதனையில் கோளாறாக வந்த அதே குமிழ்தான். இங்கே நாமே வரவழைத்து நாசிலைப் பின்னாலிருந்து கழுவுகிறோம். நிறமில்லாமல் வரும்வரை தொடரலாம். பெயிண்டைப் பேஸினிலேயே ஊதித் தள்ளாமல், டிஷ்யூ திணித்த மூடிபோட்ட பாட்டிலுக்குள் அடிப்பது வீட்டாருக்கும் நல்லது.

நாள் முடிவில் நீடிலை வெளியே எடுத்து, தடித்த பக்கத்திலிருந்து நுனியை நோக்கித் துடைக்க வேண்டும். கேப்பின் உட்புறம், கப்பின் அடிக்குழி இரண்டிலும் பல் இடுக்குப் பிரஷ். நாசிலை ஒவ்வொரு முறையும் கழற்றத் தேவையில்லை. கழற்றக் கழற்றத் திரெட்தான் தேயும். முழுக் கருவியையும் தின்னரில் ஊறப்போடக் கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானில் மணிக்கணக்கில் விட்டால் பித்தளையின் முலாம் போய்விடும்.

கையிருப்பில் வைக்க வேண்டிய உதிரிகள் மூன்று: 0.3 நாசில் இரண்டு, நீடில் ஒன்று, ஓ-ரிங் செட் ஒன்று. வாங்கும்போது கருவியின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும். 0.3 என்று எழுதியிருந்தாலும் ஒரு தயாரிப்பின் நாசிலில் இன்னொன்றின் நீடில் சரியாக உட்காராது, சரிவுக் கோணம் வேறு. இந்தக் கட்டத்தில் 0.2 நாசில் வாங்கினால் மெல்லிய கோடு தானாக வருமா என்று கேட்பவர்கள் நிறைய. வராது. 0.2இல் நுனி இன்னும் சீக்கிரம் காயும், பெயிண்டை இன்னும் நீர்க்க வேண்டும், நாசில் இன்னும் சுலபமாக முறியும். 0.3இல் மையால் 1 மி.மீ. கோட்டை 10 செ.மீ. நீளத்துக்கு அகலம் மாறாமல் இழுக்க முடிகிறவர் வாங்கலாம்.